விழ மறுத்த பதினோரு வரிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணியளவில் எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேருடைய வேலையும் ஒரே சமயத்தில் நின்றது. அதற்குக் காரணம் நான்தான் என்று அனைவரும் எண்ணினார்கள். அவ்வாறு எண்ணியதற்காக அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அந்நேரம் நானும் அப்படித்தான் எண்ணினேன்.

மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்கான மென்பொருளை நாங்கள் எழுதுகிறோம். குழாயில் வரும் ரத்தம், மூடியிட்ட டப்பாவில் வரும் சிறுநீர், கண்ணாடித் துண்டில் வரும் திசு ஆகிய ஒவ்வொன்றும் யாருடையது, இப்போது எங்கே இருக்கிறது, அதன் முடிவு என்ன என்பதைத் தவறவிடாமல் கவனித்துக்கொள்வது அந்த மென்பொருளின் பொறுப்பு. நாங்கள் எழுதும் நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றித் தருவது தொகுப்பி என்னும் இன்னொரு நிரல். பேச்சில் கம்பைலர் என்போம். அது கண்டிப்பானது, ஆனால் நாணயமானது. ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தாலும் இன்ன கோப்பில் இன்ன வரியில் தவறு என்று சொல்லிவிடும். அன்று அது எதையும் சொல்லவில்லை. எங்கள் நிரலைப் படித்துக்கொண்டே வந்து, பாதியில் தானே விழுந்துவிட்டது. திரையில் எஞ்சியது 'உட்பிழை' என்ற ஒரு சொல் மட்டுமே. வரி எண் இல்லை.

திங்கட்கிழமை மாலை பொதுச் சேமிப்பகத்தில் கடைசியாக நிரலைச் சேர்த்தவள் நான். நான்கு மாத வேலையின் கடைசித் துண்டு அது.

அந்த வேலை ஏன் தொடங்கியது என்பதை இங்கே கூற வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பரிசோதனைக் கூடத்தில், ஒரு பெண்மணியின் ரத்த மாதிரியோடு வேறொருவருடைய சிறுநீர்ப் பரிசோதனை முடிவு இணைந்துவிட்டது. எங்கள் மென்பொருள் அதை மறுக்கவில்லை. அது எல்லா மாதிரிகளையும் ஒரே மாதிரியான பெட்டிகளில் வைத்திருந்தது. உள்ளே இருப்பது எது என்று அதற்கே தெரியாது. தவறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பெண்மணியை மூன்று முறை வரவழைத்து ஊசி குத்தினார்கள். அவர் யாரையும் திட்டவில்லை என்றும், மூன்றாம் முறை கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார் என்றும் அந்தக் கூடத்தின் செவிலியர் எங்களுக்கு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று நான் மதிய உணவை அப்படியே திருப்பி எடுத்துச் சென்றேன்.

ஆகவே பெட்டிகளை மாற்றினேன். இன்னதற்கான பெட்டி என்று வகையின் பெயரைத் தன்மேல் எழுதிக்கொள்ளும் பெட்டி. அதற்குள் அந்த வகை மட்டுமே போகும். இதைப் பொதுமை வகை என்பார்கள். அதோடு இடைமுகங்களையும் எழுதினேன். இடைமுகம் என்பது ஓர் ஒப்பந்தம் போன்றது; அதை ஏற்பவர் இன்னின்ன வேலைகளைச் செய்தாக வேண்டும். ஓர் இடைமுகம் மற்றொன்றின் பிள்ளையாக இருக்கலாம். அப்போது தாயின் நிபந்தனைகள் பிள்ளைக்கும் பொருந்தும். 'மாதிரி' என்பது தாய். ரத்தம், சிறுநீர், திசு ஆகிய மூன்றும் பிள்ளைகள். திங்கட்கிழமை மாலை நான் தாய்க்கு ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன்: என் பிள்ளையாக வருவது தன் வகை இன்னதென்று சொல்ல வேண்டும், அப்படிச் சொல்லும் வகையும் என் வழி வந்ததாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனை இருந்தால், ரத்தத்தோடு சிறுநீரின் முடிவை இணைக்கும் நிரலை எவராலும் எழுதவே இயலாது; தொகுப்பி தடுத்துவிடும். அது இல்லையென்றால் என் நான்கு மாத வேலை பெட்டிகளுக்கு வர்ணம் பூசியதோடு சரி.

எங்கள் குழுத் தலைவருக்குச் 'சுருக்கம்' என்று பெயர் வைத்திருந்தோம். எதைச் சொல்லப் போனாலும் சுருக்கமாகச் சொல்லச் சொல்வார். நல்ல மனிதர். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு என்னை அழைத்து, மற்றவர்கள் வேலை தொடர என் மாற்றத்தை அப்போதைக்குத் தனியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை மூன்று மணிவரை அவகாசம் தருவதாகக் கூறினார். அதற்குள் காரணம் தெரிந்தால் என் மாற்றம் புதிய பதிப்பில் இடம்பெறும். தெரியாவிட்டால் அதை முழுவதுமாக நீக்கிவிட்டு, பழைய பெட்டிகளோடு பதிப்பை அனுப்ப வேண்டும். பரிசோதனைக் கூடங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் புதிய பதிப்பை ஏற்கும். அதாவது இன்னும் ஓராண்டு அதே பெட்டிகள். நான் நன்றி கூறினேன். எதற்கு நன்றி என்று அவர் கேட்டார்.

குழுவின் மூத்த நிரலாளருக்கும் ஒரு பெயர் உண்டு: 'பழையபடி'. எந்தச் சிக்கல் வந்தாலும் பழையபடி மாற்றிவிடலாம் என்பதே அவருடைய தீர்வு. அவர் என் மேசை அருகே வந்து நின்று, கனிவாகவே பேசினார்.

"ஏம்மா, இந்தக் கம்பைலரை உலகத்துல எத்தனை லட்சம் பேர் வெச்சிருக்காங்க. அவங்ககிட்ட எல்லாம் ஒழுங்கா இருந்துட்டு, உன்னைப் பார்த்ததும் மயக்கம் போட்டு விழுந்துச்சுன்னா என்ன அர்த்தம்?"

நான் சிரித்து வைத்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை வருத்தியது.

எங்கள் குழுவில் என் நாத்தனாரும் இருக்கிறாள். என் கணவரின் தங்கை. நாங்கள் எழுதுவதைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது அவள் பணி. வீட்டில் என்னை அண்ணி என்பாள். அலுவலக அறிக்கையில் 'சம்பந்தப்பட்ட நிரலாளர்' என்று எழுதுவாள். செவ்வாய்க்கிழமை அவள் எழுதிய குறை அறிக்கையில் சம்பந்தப்பட்ட நிரலாளர் நான்தான். அதை அனுப்பிய கையோடு என் குவளையில் காபி ஊற்றி வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அலுவலகப் பேச்சு கூடாது. அந்த விதியை வகுத்தவர் என் கணவர். அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். அன்று மாலை நான் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, விதியை அவரே மீறினார். என்ன என்று கேட்டார். நாத்தனார் முந்திக்கொண்டு விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, லிஃப்டிலும் இதே கதைதான் என்றார். பத்து வருடம் ஓடித் தேய்ந்த கம்பி அறுந்தாலும், முந்தின நாள் விளக்கை மாற்றியவன் தலையில்தான் விடியுமாம்.

"கடைசியா தொட்டவங்க யாருன்னு பாக்குறது சுலபம்டீ. எது உடைஞ்சதுன்னு பாக்குறதுக்குத்தான் படியேறணும்," என்று தங்கையிடம் கூறினார்.

அவள், அண்ணி இரண்டு நாளில் எத்தனை மாடி ஏறுவார் என்று பார்ப்போம் என்றாள். அவளுக்கு என்மேல் அன்பு உண்டு. அதை நேராகக் காட்டும் பழக்கம்தான் இல்லை.

தவறு எங்களுடையதா, தொகுப்பியுடையதா என்று அறிய வேண்டுமானால் அதற்கு ஒரே வழிதான் உண்டு. நிரலைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பாதியை நீக்கிப் பார்ப்பது. அப்போதும் விழுந்தால் நீக்கிய பாதிக்குத் தொடர்பில்லை. எஞ்சியதில் மீண்டும் பாதி. இப்படியே போய், இதற்குமேல் ஒரு வரியையும் எடுக்க முடியாது என்ற நிலையில் நிற்பதைத் தொகுப்பியை உருவாக்கியவர்களுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் நிரலின் நாற்பதாயிரம் வரிகளையும் அவர்கள் படிக்க மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வரிகள் என்றால் படிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் வெட்டினேன். திரைகளைப் பற்றிய பகுதி போயிற்று, அப்போதும் விழுந்தது. அச்சிடும் பகுதி போயிற்று, விழுந்தது. திசுவும் சிறுநீரும் போயின, விழுந்தது. புதன்கிழமை காலை முந்நூறு வரிகள் எஞ்சின. அவற்றிலிருந்து தேவையானவற்றை மட்டும் எடுத்து ஒரு புதிய கோப்பில் எழுதினேன். பதினோரு வரிகள். தாய் இடைமுகம், அதன் நிபந்தனை, ரத்தம் என்னும் பிள்ளை, ஒரு பெட்டி. தொகுப்பியை ஓட்டினேன்.

அது விழவில்லை. குறை ஏதுமில்லை என்று அறிவித்தது.

எனில், குற்றவாளி நான் விட்டுவந்த வரிகளுக்குள் இருக்க வேண்டும். மீண்டும் முந்நூறுக்குத் திரும்பினேன். வேறு விதமாகத் தேர்ந்தேன். புதிய கோப்பில் எழுதினேன். விழவில்லை. மதியத்துக்குள் ஐந்து கோப்புகள் எழுதிவிட்டேன். ஐந்தும் நல்ல பிள்ளைகளாக நின்றன. முந்நூறு வரிகள் மட்டும் ஒவ்வொரு முறையும் விழுந்தன. மூத்தவர் 'பழையபடி' அந்தப் பக்கம் வந்தபோது, என் திரையைப் பார்த்துவிட்டு, இடைமுகங்கள்மேல் தவறில்லை என்று நானே நிரூபித்துவிட்டதாகக் கூறினார். ஏதோ அலங்கோலமாக எழுதியிருக்கிறேன் போலும், வெட்கப்பட ஒன்றுமில்லை, நீக்கிவிடலாம் என்றார். நான் தலையசைத்தேன். தலையசைத்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

இரண்டு மணிக்கு நாத்தனார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம். ஆறாவது கோப்பை எழுதும்படியும், தான் வேடிக்கை மட்டும் பார்ப்பதாகவும் சொன்னாள். சோதிப்பவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். குறை தோன்றும்வரை நடந்த ஒவ்வொன்றையும் எண்ணிட்டு எழுதுவார்கள். தேவையானது எது, தேவையற்றது எது என்று தாங்களே முடிவு செய்ய மாட்டார்கள். நான் எழுதினேன். அவள் நான் செய்ததை எல்லாம் எழுதினாள். ஆறாவது கோப்பும் விழவில்லை. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் தன் பட்டியலைப் படித்தாள். ஒன்று, பழைய கோப்பைத் திறந்தார். இரண்டு, ரத்த இடைமுகத்தை நகல் எடுத்தார். மூன்று, தாய் இடைமுகத்தை நகல் எடுத்தார். நான்கு, பெருமூச்சு விட்டார். ஐந்து, தாயை மேலே நகர்த்தினார். ஆறு, பெட்டியை—

"நில்லு. அஞ்சாவது என்ன?"

"தாயை மேல நகர்த்தினீங்க."

"அது ஒரு படியா? வெறுமனே அடுக்கி வெச்சேன். வெளியாளுங்க பார்க்கப் போறாங்கல்ல."

"அண்ணி, பெருமூச்சையே நான் எழுதாம விடல. இது கையால செஞ்சது."

நான் திரையை மீண்டும் பார்த்தேன். உண்மையான நிரலில் ரத்தத்துக்கான இடைமுகம் கோப்பின் மேற்பகுதியில் இருக்கிறது. தாய் கடைசியில் இருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன் முதலில் ரத்தத்தை எழுதினேன், பிறகு சிறுநீர், பிறகு திசு. மூன்றுக்கும் பொதுவானது எது என்று விளங்கிய பின்னரே தாயை எழுதிக் கடைசியில் சேர்த்தேன். பொதுவாக எல்லா நிரலும் இப்படித்தான் வளரும். ஆனால் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தது வேறு: பெற்றோர் முதலில், பிள்ளைகள் பின்னர். பிறர் கண்ணில் படப்போகும் கோப்பை அலங்கோலமாக அனுப்ப எனக்குக் கூச்சம். ஆறு முறையும், ஓட்டிப் பார்ப்பதற்கு முன், என்னையறியாமல் தாயை மேலே எடுத்து வைத்திருக்கிறேன்.

"புள்ளைங்க மூணையும் பெத்துட்டு, அப்புறமாத்தான் அம்மாவைப் பெத்திருக்கீங்க. அதை வெளிய தெரியாம மறைச்சுட்டு, ஏன் விழலன்னு உக்காந்து யோசிக்கிறீங்க," என்றாள் நாத்தனார்.

தாயை எடுத்துக் கீழே வைத்தேன். வேறு எதையும் தொடவில்லை. தொகுப்பியை ஓட்டினேன். ஒரு கணம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு 'உட்பிழை'. பதினோரு வரிகள், தொகுப்பி விழுந்துவிட்டது. மேலே வைத்தேன், நின்றது. கீழே வைத்தேன், விழுந்தது. இருவரும் மாறி மாறி ஒன்பது முறை செய்து பார்த்தோம். பத்தாவது முறை நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, போதும், பாவம் அது என்றாள்.

காரணமும் மெல்ல விளங்கியது. தொகுப்பி முதலில் ரத்தத்தைச் சந்திக்கிறது. நீ யார் என்று கேட்கிறது. என் தாயைக் கேள் என்கிறது ரத்தம். கீழே போய்த் தாயைக் கேட்டால், என் பிள்ளை என் வழி வந்ததா என்று உறுதி செய்துகொண்டு வா, பிறகு சொல்கிறேன் என்கிறது தாய். மீண்டும் பிள்ளையிடம், மீண்டும் தாயிடம். முன்பே இதைக் கேட்டோமே என்ற நினைவு அந்த ஒரு சூழலில் மட்டும் தொகுப்பிக்கு இல்லை. நினைவகம் தீரும்வரை நடந்து நடந்து, நின்ற இடத்திலேயே விழுந்துவிடுகிறது. தாயை முதலில் சந்தித்தால் அவள் பெயரைக் குறித்து வைத்துக்கொள்கிறது, சிக்கல் இல்லை.

தொகுப்பியை உருவாக்கியவர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தங்கள் மேலான பணிக்கு இடையூறு செய்ய நேர்ந்ததற்கு வருந்துகிறேன் என்று தொடங்கினேன். நாத்தனார் அந்தப் பத்தியை அழித்தாள். இது எங்கள் அறியாமையாகவும் இருக்கலாம் என்ற வரியை எழுதினேன், அதையும் அழித்தாள். இறுதியில், வரிகள், அவற்றின் வரிசை, விளைவு ஆகிய மூன்று மட்டுமே மிஞ்சின. அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள். நான் அழுத்தியிருந்தால் இன்னும் ஒரு முறை படித்துப் பார்த்திருப்பேன்.

வியாழக்கிழமை காலை விடை வந்தது. இரண்டு வரிகள். குறையை உறுதி செய்கிறோம், எங்கள் தவறு. திருத்திய தொகுப்பி வெளிவர ஆறு வாரங்களாகும். யாரோ முகம் தெரியாத ஒருவர், எந்த உபசாரமும் இன்றி, எங்கள் தவறு என்று எழுதியிருந்தார். அது அவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடியதா என்று வியந்தேன்.

மூன்று மணிக்கு 'சுருக்கம்', 'பழையபடி', நாத்தனார், நான் என நால்வரும் சிறிய கூட்ட அறையில் அமர்ந்தோம். நான் பதினோரு வரிகளைக் காட்டினேன், விழச் செய்தேன், நிற்கச் செய்தேன். விடைக் கடிதத்தையும் காட்டினேன். சுருக்கம் இரண்டு முறை செய்து காட்டச் சொன்னார். தாயை மேலே வைத்துப் பதிப்பை அனுப்பிவிடலாம் அல்லவா என்று கேட்டார்.

'பழையபடி' கையை உயர்த்தினார். அவருடைய ஆட்சேபம் வீணானதல்ல என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு வாரங்களுக்குள் பன்னிரண்டு பேரில் எவராவது அந்தக் கோப்பைத் திறந்து, வரிகளை இடம் மாற்றிவிட்டால், மறுபடியும் அனைவருடைய வேலையும் நிற்கும். ஒரு வரியின் இடத்தை நம்பி நிற்கும் வீட்டில் யார் குடியிருப்பார்கள்? நிபந்தனையை மட்டும் நீக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை, பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம், அடுத்த ஆண்டு நிபந்தனையைச் சேர்க்கலாம். அவர் நியாயமான தொனியில் பேசினார். சுருக்கமும் மெதுவாகத் தலையசைக்கத் தொடங்கினார். பெட்டியும் இருக்கிறது, தொல்லையும் இல்லை என்றால் யார்தான் தலையசைக்க மாட்டார்கள்?

என் தலையும் பழக்கத்தில் அசைய முற்பட்டது. எதிரில் இருந்த நாத்தனார் என்னைப் பார்த்தாள். எனக்காக அவள் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் பேனாவின் மூடியைத் திறந்து, நான் சொல்லப்போவதை எழுதத் தயாரானாள். அவ்வளவுதான்.

"சார், ஒண்ணு சொல்லலாமா," என்று தொடங்கினேன்.

சுருக்கமாகச் சொல்லும்படி அவர் கூறினார்.

"வரி இடம் மாறினா கம்பைலர் விழும். விழுந்தா நம்ம பன்னிரண்டு பேருக்கும் அந்த நிமிஷமே தெரியும். ஒரு மணி நேரம் வேலை கெடும், திட்டிக்கிட்டே சரி பண்ணிடுவோம். நிபந்தனையை எடுத்துட்டா எதுவும் விழாது. ரிசல்ட்தான் மாறும். அது நமக்குத் தெரியவே தெரியாது. கைநீட்டி உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

அவசியமில்லாமல், மன்னிக்கவும் என்று சேர்க்கப் போனேன். வாயை மூடிக்கொண்டேன்.

'பழையபடி' தாடையைத் தடவினார். சத்தம் போட்டு உடைவது, சத்தமில்லாமல் உடைவது என்று அவர் தமக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, அந்தக் கோப்பைத் தம்மைக் கேட்காமல் எவரும் திறக்க முடியாதபடி ஆறு வாரங்களுக்குப் பூட்டி வைப்பதாகவும், அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்பதாகவும் கூறினார். அவர் எதையும் பழையபடி மாற்றச் சொல்லாத கூட்டத்தை நான் அன்றுதான் கண்டேன். சுருக்கம், சரி என்ற ஒரு சொல்லோடு எழுந்தார்.

ஐந்து மணிக்குள் தாயை மேலே வைத்தேன். முழு நிரலையும் ஓட்டினேன். நாற்பதாயிரம் வரிகளும் தடையின்றிக் கடந்தன. நாத்தனார் அதோடு விடவில்லை. ஓடுவது போதாது, தடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றாள். அவள் சொன்னபடி, ஒரு ரத்த மாதிரியோடு சிறுநீரின் முடிவை இணைக்கும் ஒரு வரியை வேண்டுமென்றே எழுதினேன். சென்ற ஆண்டு எந்த மறுப்புமின்றிக் கடந்து சென்ற அதே வரி.

தொகுப்பி விழவில்லை. கடக்கவும் விடவில்லை. இருநூற்றுப் பதினான்காம் வரி என்று சிவப்பில் காட்டியது. ரத்தம் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் சிறுநீர் தரப்பட்டிருக்கிறது; ஏற்க இயலாது என்றது. ஒரு பிழைச்செய்தியை இதற்குமுன் நான் இரண்டாம் முறை படித்ததில்லை. அன்று படித்தேன். பிறகு அந்த வரியை நீக்கிவிட்டு, நிரலை அனைவருக்கும் பொதுவான இடத்தில் சேர்த்தேன்.